குட்டை மூக்குக்காரி

அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு ஐந்து வயது முடிந்திருந்தது. ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில், ஏற்றுமதிப் பிரிவில் இருந்த ஒரு மேடம் அதை வளர்த்துவந்தார். அவருக்குக் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு அடிக்கடி மூச்சிரைக்கவே, நாய் முடி வீட்டில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேடம் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். குட்டி என்றால் ஓடி வந்து வாங்கிக்கொள்வார்கள், வளர்ந்த நாயை யார் வாங்குவார்கள்? ஒருநாள் மதியம் கேன்டீனில் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நான் தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசர். எனக்கும் அவருக்கும் வேலை விஷயத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்ததும், "நான் எடுத்துக்கிறேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன். கணவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது டிபன் பாக்ஸைக் கழுவும்போதுதான் உறைத்தது.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நாங்கள் இருவர்தான். நாய் வரப்போகிறது என்று அவரிடம் சொன்னேன். "கடிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேடத்தின் காரிலிருந்து அது இறங்கியது. பக் என்கிற இனம். செல்போன் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஓடுமே, அந்த வகை. சந்தன நிற உடம்பு, கரி அப்பியது போன்ற முகம், நெற்றி நிறைய மடிப்பு, பிதுங்கிய பெரிய கண்கள், முதுகின் மேல் சுருட்டி வைத்த வால். மூக்கு என்று தனியாக நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை. என் கணவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இன்னாது இது, மூஞ்சி உள்ள போய்ட்டிருக்குது? எங்கனா மோதிக்கினுதா?"

மேடம் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். "இல்லண்ணா, பொறப்பே அப்படித்தான். அதனாலதான் இதுக்கு மூச்சு கஷ்டம். வெயில்ல மட்டும் வுட்டுடாதீங்க. மூஞ்சி மடிப்ப தினமும் தொடச்சி காய வைக்கணும். சாப்பாடு கேட்டுக்கினே இருக்கும், பாவம் பார்த்து குடுத்துடாதீங்க." கார் கிளம்பியபோது அது வாசலில் நின்று தெருக்கோடிவரை பார்த்தது. பிறகு திரும்பி வந்து என் கால் மேல் உட்கார்ந்துகொண்டது. கால் பக்கத்தில் அல்ல, கால் மேலேயே. மேடம் வைத்திருந்த இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. 'குட்டி' என்று கூப்பிட்டோம். அன்று சாயங்காலமே அதற்குத் திரும்பிப் பார்த்தது.

நாங்கள் இருப்பது மாடியில், வாடகைக்கு. கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர், ஐம்பதைத் தாண்டிய ஓர் உருதுக்கார அம்மா. கணவர் இல்லை. ஒரே மகள் பெங்களூரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். எங்கள் தெருவில் எல்லோருமே அவரை ஆபா என்றுதான் கூப்பிடுவோம், அக்கா என்கிற மாதிரி. நாயைப் பார்த்ததும் அவர் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. நாங்க நாய தொட மாட்டோம். அதோட எச்சி துணியில பட்டா தொழ முடியாது, மாத்தணும். நீ வளத்துக்கோ, நான் வாணாம்னு சொல்லல. என் வாசப்பக்கம் மட்டும் வராம பாத்துக்கோ."

"சரிங்க ஆபா, தூக்கிக்கினே போய்டறேன்" என்றேன். படிக்கட்டு அவர் வராண்டாவை ஒட்டித்தான் இறங்கும். தினமும் காலையில் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, தெருவுக்குப் போன பிறகுதான் கீழே விடுவேன். மேடத்தின் வீட்டில் நன்றாகத் தின்று வளர்ந்த உடம்பு. ஆறு மாதக் குழந்தை இப்படிக் கனக்காது. இறங்கி முடிப்பதற்குள் எனக்கும் அதற்கும் சேர்ந்து மூச்சு வாங்கும்.

முதல் வாரம் நாங்கள் பயந்துகொண்டே இருந்தோம். அது தூங்கினால் குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை, என் கணவரே எழுந்து உட்கார்ந்து பார்க்கும் குறட்டை. ஒருநாள் காலை, நடந்துகொண்டிருந்தது திடீரென்று நின்று, கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, பன்றி மாதிரி உள்ளுக்குள் 'கர்ர், கர்ர்' என்று இழுத்தது.

"ஐயோ, செத்துடப் போவுதுடி!" என்று கத்தினார் என் கணவர். அப்படியே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். போய்ச் சேருவதற்குள் அது சரியாகி, ஆட்டோவின் சைடில் தலையை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். இது தும்மலைத் திருப்பிப் போட்ட மாதிரி, குட்டை மூக்கு நாய்களுக்கு வரும். தொண்டையை மெதுவாகத் தடவிக்கொடுத்தால் நின்றுவிடும், பயப்பட வேண்டாம்.

"பயப்பட வேண்டியது வேற இருக்கு" என்று தொடர்ந்தார். "நாய்க்கு நம்ம மாதிரி வேர்க்காது. நாக்க தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளும். இதுக்கு அந்த வழியே குறுகலா இருக்கு. அதுல எடையும் ஜாஸ்தி. வெயில் காலத்துல நாக்கு ஊதா கலர் ஆச்சுன்னா, எங்களுக்கு போன் பண்ணிட்டு நிக்காதீங்க. மொதல்ல குழாத் தண்ணிய வயித்துலயும் காலுலயும் ஊத்துங்க. ஐஸ் வாணாம். காத்து படணும். அப்புறமா தூக்கிட்டு வாங்க." என் கணவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவர் இத்தனை கவனமாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எடையைக் குறைக்கும் வேலையில்தான் பேஜாராகிப்போனது. அளந்து போட்டால் அரை நிமிடத்தில் தட்டை நக்கிச் சுத்தம் செய்துவிட்டு, இந்த வீட்டில் எனக்குச் சோறே போடுவதில்லை என்பது போலப் பார்க்கும். அந்த மடிப்பு நெற்றியும் பெரிய கண்ணும் சேர்ந்தால் கல்லும் கரையும். நான் கம்பெனிக்குப் போன பிறகு என் கணவர் டீயில் தோய்த்து பன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்து எடை பார்த்தால் கூடியிருந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டினார். நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் ஒட்டியிருந்த கோழிப் படத்தைப் பார்த்தார். அதன் பிறகு பன் போய், வெள்ளரித் துண்டும் கேரட்டும் வந்தன. அதையும் அது பிரியாணி மாதிரியே சாப்பிட்டது. நாங்கள்தான் அதற்காக வருத்தப்பட்டோம்.

முகம் துடைப்பது என் வேலை. மூக்குக்கு மேல் இருக்கும் மடிப்புக்குள் ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் புளித்த வாடை வரும், புண்ணாகும். ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு பழகிப்போய், நான் துணியை எடுத்தாலே வந்து எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். எங்கள் லைனில் நாள் முழுக்கப் பசை வாடையும் தோல் வாடையும்தான். வீட்டுக்கு வந்ததும் என் விரல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கும். ஆனால் ஒரு நாளும் ஒரு செருப்பைக் கடித்ததில்லை.

கழுத்துப் பட்டை அதற்கு ஆகவில்லை. கழுத்தும் தலையும் ஒரே சுற்றளவு, இழுத்தால் மூச்சு அடைக்கும், இழுக்காவிட்டால் கழன்றுவிடும். கடையில் வாங்கிய மார்ப்பட்டை அக்குளில் உரசிச் சிவந்துபோனது. மானேஜரைக் கேட்டு, ஷூவின் உள்பக்கத்துக்குப் போடும் மெல்லிய ஆட்டுத்தோலில் வெட்டி எறிந்த துண்டுகளை எடுத்து வந்து, நானே ஒன்று தைத்தேன். முதலில் தைத்தது பீப்பாய்க்குப் பெல்ட் போட்ட மாதிரி சுழன்று முதுகுப்பக்கம் வந்துவிட்டது. பிரித்து, முன்னங்கால் இடையில் ஒரு பட்டையைக் கொடுத்து மறுபடி தைத்தேன். அது நின்றது. லைனில் இருந்த பெண்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கும் எக்ஸ்போர்ட் ஆர்டர் புடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். மரக்கதவைத் திறந்துவைத்து, கிரில் கதவை மட்டும் பூட்டி, சாவியை ஆபாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். உள்ளே மின்விசிறி ஓடும். குட்டி கிரில்லில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே பார்த்தபடி படுத்திருக்கும். இந்த இனத்துக்குத் தனிமை ஆகாது. காவல் காக்கத் தெரியாது, வேட்டையாடத் தெரியாது, மனிதர் பக்கத்தில் இருப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. கீழே வராண்டாவில் ஆபா கீரை ஆய்வார், துணி மடிப்பார், மகளோடு போனில் பேசுவார். அது கேட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் ஆபா அதனிடமும் பேச ஆரம்பித்தார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "க்யா ரே, தூங்கிட்டியா?" என்பாராம், 'என்னடி' என்கிற மாதிரி. அது 'ஹூம்' என்று ஒரு மூச்சு விடுமாம். ஒருநாள் அவரே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"உன் நாயி வுடற கொறட்டையில என் சீரியலே கேக்கல."

"மரக்கதவயும் சாத்திட்டு போவட்டுமா ஆபா?"

"அரே, அதுக்கு சொல்லல. இருக்கட்டும். வூட்ல ஆள் இருக்குற மாதிரி இருக்குது."

அடுத்து வந்த கத்திரி வெயிலில்தான் அது நடந்தது. அன்று காலையிலேயே பாலாற்று மணல் பக்கமிருந்து அனல் வீசியது. நாங்கள் கிளம்பியபோது மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பதினோரு மணிவாக்கில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்து, தெரு முழுக்க கரண்ட் போய்விட்டது. எங்கள் மாடித் தளம் வெயிலை நேராக வாங்குவது. விசிறி நின்றால் அடுப்புதான்.

நடந்ததை ஆபா பின்னால் சொன்னார். கையில் விசிறியோடு வராண்டாவில் உட்கார்ந்திருந்தாராம். மேலேயிருந்து வழக்கமான குறட்டை வரவில்லை. அதற்குப் பதில் விசில் மாதிரி ஒரு சத்தம், இடையிடையே நின்று நின்று. "ஏ, க்யா ரே?" என்று குரல் கொடுத்தார். பதில் மூச்சு வரவில்லை. பாதிப் படி ஏறிப் பார்த்தார். கிரில்லுக்குப் பின்னால் அது ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நாக்கு தரையில் பட்டுக்கொண்டு, நாவற்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது.

எனக்குப் போன் போட்டிருக்கிறார். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போவோம். அடித்து அடித்து நின்றது. பிறகு என் கணவருக்குப் போட்டார். அவர் சவாரியோடு வாணியம்பாடியில் இருந்தார். "ஆபா, நான் வந்து சேர நேரமாவும். குழாத் தண்ணி, ஐஸ் வாணாம், வயித்துல ஊத்துங்க, காலுல ஊத்துங்க, யாரையாவது கூப்டுங்க ஆபா" என்று இவர் போனில் கத்தியிருக்கிறார்.

யாரையும் கூப்பிடவில்லை. ஆபா கிரில்லைத் திறந்து உள்ளே போனார். எங்கள் குளியலறை வாளியை இழுத்து வந்து, அதன் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். கையிலிருந்த விசிறியால் வீசினார். பிறகு தன் துப்பட்டாவை நனைத்து அதன் வாயைத் துடைத்தார். அந்த நாளுக்கு முன்பு அவர் ஒரு நாயையும் தொட்டதில்லை. கொஞ்சம் மூச்சு சீரானதும் புர்காவை மாட்டிக்கொண்டு, அதை இரண்டு கையாலும் அள்ளி எடுத்துப் படியிறங்கி, தெருவில் வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறினார். வழியில் அது மடியிலேயே நுரையாக வாந்தி எடுத்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "உங்க நாயா பாய்மா?" என்று கேட்டாராம். "ஆமாம், நீ ரோட்ட பாத்து ஓட்டு" என்றாராம்.

டீ இடைவேளையில் போனை எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் என் கணவரின் ஆட்டோ நின்றது. உள்ளே சிமெண்ட் பெஞ்சில் ஆபா உட்கார்ந்திருந்தார். புர்காவின் முன்பக்கம் முழுவதும் நனைந்து, சந்தன நிற முடி அப்பிக்கிடந்தது.

"ஆபா, உங்க துணியெல்லாம்..."

"துணி தொவச்சா போய்டும். உயிரு போனா வருமா? நீ உள்ள போ, அது உன்னயத்தான் தேடுது."

உள்ளே மேசை மேல் குட்டி படுத்திருந்தது. முன்னங்காலில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. என் விரலை மூக்கருகில் கொண்டுபோனேன். மோந்து பார்த்தது. வாலை ஆட்டவில்லை, ஆனால் சுருள் லேசாக அசைந்தது. அங்கேயே நான் அழுதுவிட்டேன். டாக்டரம்மா, "சூட்ட எறக்கிட்டு கொண்டாந்ததாலதான் பொழச்சுது. அப்படியே தூக்கிட்டு வந்திருந்தா வழியிலேயே போயிருக்கும்" என்றார். வெளியே வந்து ஆபாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு என் கணவரிடம், "தம்பி, என்ன வூட்ல வுட்டுடு. குளிச்சிட்டு தொழணும், நேரம் போவுது" என்றார்.

குட்டி தேறுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது, அதைப் பார்க்கத்தான் எங்களுக்குத் தாங்கவில்லை. மோர் சாதத்தை விரலில் தொட்டு என் கணவர் ஊட்டினார். நான் லீவு போட்டிருந்தேன். லீவு முடிந்தால் என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது ஆபா கீழேயிருந்து கூப்பிட்டார்.

"பகல்ல இங்க வராண்டால கட்டிப் போட்டுட்டு போ. பழைய கட்டடம், தரை குளுகுளுன்னு இருக்கும். உள்ள மட்டும் வரக்கூடாது." வீட்டு வாசலில் குறுக்காக ஒரு பலகையை அவரே வைத்திருந்தார். குட்டியின் கால் உயரத்துக்கு அது போதும். அன்றுமுதல் காலையில் நான் குட்டியையும் அதன் தண்ணீர்க் கிண்ணத்தையும் வராண்டாவில் விட்டுப் போவேன், மாலையில் வந்து தரையைக் கழுவிவிட்டு மேலே தூக்கிப் போவேன். ஆபா பலகைக்கு அந்தப் பக்கம், அது இந்தப் பக்கம். தொடுவது கிடையாது. பேச்சு மட்டும்தான்.

எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் அவருடைய தம்பி ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். நான் படியில் நின்றிருந்தேன். உருதுவில்தான் பேசினார்கள், இத்தனை வருஷம் இங்கே இருந்ததில் எனக்குப் புரியும். வாசலில் நாய் படுத்திருக்கும் வீட்டுக்கு நல்லது வருமா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவர் கேட்டார். வீட்டுக்குள் விடவில்லை, தாகத்தில் கிடக்கும் உயிருக்குத் தண்ணீர் கொடுப்பது எந்த விதத்தில் தப்பு என்று ஆபா திருப்பிக் கேட்டார். அவர் டீ குடிக்காமல் போய்விட்டார். அதன் பிறகு சில மாதங்கள் வரவேயில்லை.

எனக்கு உறுத்தியது. "ஆபா, எங்களால உங்க வூட்ல மனஸ்தாபம் வாணாம். நாங்க வேற வூடு பாத்துக்கிறோம்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் என் தம்பி. நான் இடுப்புல வச்சி வளத்தவன். கோச்சிக்கினு எங்க போய்டுவான்? நீ உன் வேலைய பாரு."

ஆபா சொன்னபடியே ரம்ஜானுக்குத் தம்பி வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். குட்டி எழுந்து நின்று, உடம்பையே வளைத்து வாலை ஆட்டியது. வந்தவர் யார், ஏன் வரவில்லை என்றெல்லாம் அதற்கு இல்லை.

"இது கொலைக்காதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கொலைக்காதுங்க பாய். கொறட்டைதான் வுடும்."

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுவரை ஒட்டியபடி நடந்து, பலகையைத் தாண்டி உள்ளே போனார். இப்போதும் வரும்போது முகம் சுளிப்பார். ஆனால் போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போகிறார்.

சென்ற ஆண்டு ஆபாவின் மகளுக்குப் பிரசவம். பார்த்துக்கொள்ள ஆபா பெங்களூருக்குப் போய்விட்டார். வீட்டைப் பூட்டிச் சாவியை எங்களிடம் கொடுத்தார். வராண்டாவில் வழக்கம்போல் குட்டியை விட்டேன். அது பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டேயிருந்தது. அதற்குள் அதற்கு வயதாகிவிட்டது. கரிய முகம் நரைத்து, ஒரு கண்ணில் லேசாகப் புகை படர்ந்துவிட்டது. காலையும் மாலையும் சொட்டு மருந்து விட வேண்டும். அதற்கு எல்லாம் சம்மதம். ஆனால் மாலையில் பலகையை விட்டு எழுந்து வருவதற்குத்தான் தினமும் தகராறு. ஒருநாள் ஆபா வீடியோ காலில் வந்தார். பேத்தியைக் காட்டினார். பிறகு, "எங்க அவ? காட்டு" என்றார். போனைக் குட்டியின் முன்னால் பிடித்தேன். "க்யா ரே?" என்ற குரல் வந்ததும் அது போனைப் பார்க்கவில்லை. போனுக்குப் பின்னால் போய்த் தேடிப் பார்த்தது. அந்தப் பக்கம் ஆபா பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். அப்புறம், "சாப்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் திரும்பி வந்த அன்று என் கணவர்தான் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தார். ஆட்டோ நின்றதும் குட்டி மூக்கைத் தூக்கியது. வயதையும் கண்ணையும் மறந்துவிட்டு, தன்னைத் தானே சுற்றிச் சுற்றி வட்டமடித்தது, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு. அதன் உடம்புக்கு இத்தனை ஆட்டம் ஆகாதே என்று நான் பிடிக்கப் போனேன். அதற்குள் அது ஆபாவின் காலடிக்குப் போய்விட்டது. அவர் பையோடு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, புர்கா படாமல் நுனிக்காலில் நின்று, "அரே, இருடி, இரு, மொதல்ல மூச்சு வாங்கிக்கோ" என்று சிரித்துக்கொண்டேயிருந்தார்.